கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை: ஐயங்களும் விளக்கங்களும்

நம் நாட்டு மகளிரைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது கருப்பை வாய்ப் புற்றுநோயாகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,27,526 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். 79,906 பெண்கள் உயிரிழந்தனர். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 219 பேர் என்பது இதன் பொருள். அவ்வாண்டில் உலகெங்கும் இந்நோயால் மாண்டவர்களுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியப் பெண்களே.

இவ்விழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியது என்பதே இதிலுள்ள துயரம். பிற புற்றுநோய்கள் பலவற்றைப் போலன்றி, இந்நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அக்கால இடைவெளியில் எளிய சோதனை ஒன்றினால் அதன் முன்நிலையைக் கண்டறிந்து நீக்கிவிடலாம். எனினும் 2019-21-இல் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொண்டவர்கள் நாடு முழுவதிலும் 1.9 விழுக்காட்டினரே. மக்கள் நல்வாழ்வுத் துறையில் முன்னணியில் உள்ளதாகக் கருதப்படும் தமிழ்நாட்டில்கூட இது 9.8 விழுக்காடாகவே இருந்தது.

சோதனைக்கு வராத பெண்ணை ‘அறியாமை உடையவர்’ என்று கூறி விட்டுவிடுவது நிருவாகத்துக்கு எளிது. ஆனால் அப்பெண்கள் எழுப்பும் வினாக்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பல நியாயமான வினாக்கள் என்பது விளங்கும். அவற்றுக்கு விடை கூறுவதும் திட்டத்தின் ஒரு பகுதியே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நோயின் இயல்பு

இந்நோய்க்கு மூலகாரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிரி, சுருக்கமாக எச்.பி.வி. என வழங்குவர். செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 1983-ஆம் ஆண்டில் இதன் 16-ஆம் வகையைப் புற்றுநோய்த் திசுவில் கண்டறிந்தார். இப்பணிக்காக 2008-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இவ்வைரஸின் வகைகள் பல. எனினும் 16, 18 ஆகிய இரு வகைகளே உலகில் காணப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

பாலுறவின் வழியே தொற்றும் இவ்வைரஸ், இல்வாழ்க்கையில் உள்ள ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு எப்போதேனும் ஒருமுறை தொற்றியே தீருகிறது. பெரும்பாலோரிடத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் ஓரிரு ஆண்டுகளில் அதை வென்றுவிடுகிறது. ஒரு சிலரிடத்தில் மட்டுமே அது நிலைத்து நின்று, கருப்பை வாயின் செல்களில் மாறுதல்களை உண்டாக்குகிறது. இம்மாறுதல்கள் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. தொற்று முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடத்தில் இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பாகும்.

மூவகைச் சோதனைகள்

முதலாவது, பாப் ஸ்மியர் எனப்படும் செல் சோதனை. ஜார்ஜ் பாபனிகொலாவ், ஹெர்பர்ட் டிராட் ஆகிய இருவரும் 1943-இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படை அமைத்தது. கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியின் கீழ் ஆராய்வது இம்முறை. மேனாடுகளில் பெரும்பயன் விளைத்த இச்சோதனைக்குத் தேர்ந்த வல்லுநர்களும் ஆய்வுக்கூடங்களும் தேவை. முடிவு தெரியச் சில நாட்களேனும் ஆகும். எனவே பெண் மீண்டும் ஒருமுறை வரவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அசெட்டிக் அமிலச் சோதனை. வினிகரைப் போன்ற 3 முதல் 5 விழுக்காட்டு அசெட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெறுங்கண்ணால் நோக்குவர். மாறுதலுற்ற திசு வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். முடிவும் அப்போதே தெரிந்துவிடும். ஆயினும் இது பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் முற்றிலும் சார்ந்தது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, வைரஸின் மரபுப் பொருளையே கண்டறியும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. செலவு மிகுதியாயினும், நோயின் முன்நிலையைத் தவறவிடும் வாய்ப்பு இதில் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனையையே முதன்மையாகக் கொள்ளுமாறு பரிந்துரைத்தன. இதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் இயலும்.

நம் நாட்டில் 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட செயல்முறை நெறிகள், 30 முதல் 65 வயது வரையுள்ள மகளிருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அசெட்டிக் அமிலச் சோதனை செய்ய வகை செய்தன. வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளும் அந்நெறிகளில் அடங்கும்.

மகளிர் எழுப்பும் வினாக்கள்

“எனக்கு எத்தொல்லையும் இல்லையே, சோதனை எதற்கு?” என்பதே முதல் வினா. தொல்லை இல்லாதபோது செய்வதே இச்சோதனை என்பதுதான் இதற்கு விடை. முன்நிலை மாறுதல்கள் வலியையோ வேறு அறிகுறியையோ காட்டுவதில்லை. உடலுறவுக்குப் பின் குருதி காணல், மாதவிடாய்களுக்கு இடையிலோ மாதவிடாய் நின்ற பின்போ குருதிப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றிவிட்டால், அடுத்த முகாம் வரும்வரை காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடவேண்டும்.

“சோதனையில் வலி உண்டா? செய்பவர் யார்?” என்பது அடுத்த வினா. ஸ்பெகுலம் என்னும் கருவியைப் பெண்ணுறுப்பினுள் வைத்துப் பார்க்கும்போது சிறிது அசௌகரியமும், அமிலம் தடவும்போது சற்று எரிச்சலும் சிலருக்கு ஏற்படலாம். சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. வலியே இராது என்று உறுதி கூறி அழைத்து வருவது முறையன்று. அவ்வாறு ஏமாற்றப்பட்ட ஒரு பெண் தன் தெருவிலுள்ள பத்துப் பெண்களைத் தடுத்துவிடுவார். பெண் ஊழியர், திரையிட்ட அறை, கிருமி நீக்கிய கருவி ஆகிய மூன்றும் சலுகைகள் அல்ல. சோதனைக்கு வருபவரின் உரிமைகள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வருமாறு முன்னரே தெரிவிப்பதும் அவசியம்.

“குறி தென்பட்டது என்றால் புற்றுநோய் என்று பொருளா?” அன்று. குறி தென்பட்டவர்களுள் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. வீக்கம், சாதாரணத் தொற்று முதலியவற்றாலும் வெண்மை தோன்றலாம். உருப்பெருக்கிக் கருவியினால் உற்றுநோக்கியோ சிறு திசுவை எடுத்து ஆராய்ந்தோ பின்னரே நோய் உறுதி செய்யப்படுகிறது. இதைச் சோதனைக்கு முன்பே கூறவேண்டும். முடிவைக் கேட்டு அதிர்ந்து நிற்கும் ஒருவர் காதில் எவ்விளக்கமும் ஏறாது.

“கருப்பையை எடுத்துவிடுவார்களோ?” இவ்வச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளப் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்டிருந்தமை வெளியாகி, 2019-இல் மாநில அரசு குழு அமைத்து விசாரிக்க நேர்ந்தது. புற்றுநோய் வந்துவிடும் என்று கூறப்பட்டே அறுவைக்கு இணங்கியதாக அப்பெண்களுள் பலர் தெரிவித்தனர். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க நெறிமுறைகளைச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023-இல் மாநிலங்களைப் பணித்தது. ஆகவே அஞ்சுகின்ற பெண்ணுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டியது இதுதான்: முன்நிலை மாறுதலுக்கு, அந்த இடத்தை மட்டும் வெப்பத்தாலோ கடுங்குளிராலோ அழித்தல் அல்லது மின்கம்பி வளையத்தால் சிறு பகுதியை நீக்குதல் பெரும்பாலும் போதுமானது, கருப்பை அவ்வாறே இருக்கும். எந்தச் சோதனை முடிவையும் மட்டுமே காட்டி ஒருவர் கருப்பையை அகற்றச் சொன்னால், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்குப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு.

“வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால் என் நடத்தையை ஐயுறுவார்களே?” பலர் வாய்விட்டுக் கேளாத வினா இது. இவ்வைரஸ் எப்போது தொற்றியது, யாரிடமிருந்து தொற்றியது என்பதை எச்சோதனையாலும் கூற இயலாது. எவ்வித அறிகுறியுமின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக் கூடியது அது. ஆண்களிடத்தும் அவ்வாறே தங்கி மனைவிக்குத் தொற்றுகிறது. ஒரே துணையுடன் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம். எனவே இம்முடிவு எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றாகாது. முடிவை அப்பெண்ணிடம் மட்டுமே தனியே தெரிவிப்பதும், பதிவேட்டைப் பிறர் பார்வைக்கு விடாமல் காப்பதும் இங்கு உயிர்நாடியானவை.

“ஒருமுறை செய்தால் போதாதா?” அசெட்டிக் அமிலச் சோதனையில் குறி இல்லையெனில் ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் செய்யவேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மாறுதல் தோன்றும் பகுதி கருப்பை வாயின் உட்புறமாக ஒடுங்கிவிடுவதால் கண்ணால் பார்ப்பது பயன்தராமல் போகலாம். அவர்களுக்கு வேறு சோதனை தேவை.

“மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் சோதனை வேண்டாமல்லவா?” தடுப்பூசி பிற்காலத் தொற்றைத் தடுப்பது, ஏற்கெனவே உள்ள தொற்றை அது போக்காது. தடுப்பூசி பெற்ற சிறுமியும், அதில் அடங்காத வைரஸ் வகைகளைக் கருதி, உரிய வயதில் சோதனை செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசி பெறாத தாய்க்கோ, சோதனை ஒன்றே இன்றுள்ள பாதுகாப்பு.

மூன்று கள ஆய்வுகள் கற்பிப்பவை

இச்சோதனைகளின் பயன் இந்திய மண்ணிலேயே பெரிய அளவில் ஆராயப்பட்டுள்ளது. முதலாவது, அன்று உஸ்மானாபாத் என வழங்கி இன்று தாராசிவ் எனப்படும் மகாராஷ்டிர மாவட்டத்தில் 1999-இல் தொடங்கிய ஆய்வு. 52 கிராமத் தொகுதிகளைச் சேர்ந்த, 30 முதல் 59 வயதுடைய 1,31,746 பெண்களை நான்கு பிரிவுகளாகப் பகுத்தனர். மூன்று பிரிவுகளுக்கு மூவகைச் சோதனைகளுள் ஒவ்வொன்று ஒருமுறை மட்டும் அளிக்கப்பட்டது. நான்காவது பிரிவு வழக்கமான மருத்துவ வசதியுடன் விடப்பட்டது. 2009-இல் வெளியான முடிவின்படி, எச்.பி.வி. சோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, சோதனையற்ற பிரிவோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்ற இரு சோதனைப் பிரிவுகளில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

இதனால் அசெட்டிக் அமிலச் சோதனை பயனற்றது என்று முடிவு கட்டலாமா? ஆகாது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் அதே சோதனையை ஒருமுறை நடத்தினர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, அங்கு நோய் நிகழ்வு 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பத்தாம் வகுப்பளவு படித்த உள்ளூர்ப் பெண்கள் நான்கு வாரப் பயிற்சிக்குப் பின் இச்சோதனையை ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் நடத்தினர். பன்னிரண்டு ஆண்டுகளின் முடிவில் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

மும்பை ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. இரு பிரிவுகளிலும் புற்றுநோய் நிகழ்வு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. இறப்பு மட்டுமே குறைந்தது. நோய் முற்றுமுன் அறியப்பட்டதும், அறியப்பட்டோர் சிகிச்சையைத் தொடர்ந்து பெற்றதுமே இதற்குக் காரணம். அங்கு அழைக்கப்பட்டோருள் 89 விழுக்காட்டினர் சோதனைக்கு வந்தனர். திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட 49,311 பேருள் வந்தோர் 31,343. அதாவது 64 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அழைப்பு, வருகை, சோதனை, சிகிச்சை என்னும் ஒவ்வொரு படியும் பயனை நிருணயிக்கிறது என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன.

சோதனை அளிக்காத ஒரு பிரிவை வைத்து ஒப்பிட்டது முறையா என்னும் கண்டனமும் இவ்வாய்வுகள்மீது எழுந்தது. அப்பிரிவுகளிலும் பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களை உள்ளடக்கிக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாது ஏட்டில் உறங்கவிடுவது இரட்டைத் தவறாகும்.

ஓர் எளிய கணக்கு

பொருளியல் மாணவர்கள் நன்கு உணரும் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 1,000 பெண்கள். அவர்களுள் 20 பேருக்கு முன்நிலை மாறுதல் உள்ளது என்போம். நூற்றுக்கு 60 பேர் சோதனைக்கு வருகின்றனர். சோதனை, மாறுதல் உள்ளோரில் 60 விழுக்காட்டினரைக் கண்டறிகிறது. கண்டறியப்பட்டோருள் பாதிப்பேர் சிகிச்சை பெறுகின்றனர். இந்நிலையில் 20 பேருள் 12 பேர் வருவர். 7 பேர் கண்டறியப்படுவர். சிகிச்சை பெறுவோர் 3 அல்லது 4 பேரே.

இப்போது 90 விழுக்காட்டினரைக் கண்டறியும் உயர்ந்த சோதனையை வாங்குகிறோம், மற்றவை மாறவில்லை. சிகிச்சை பெறுவோர் 5 பேராக உயர்வர். மாறாக, பழைய சோதனையையே வைத்துக்கொண்டு, வருகையையும் சிகிச்சையையும் தலா 90 விழுக்காடாக உயர்த்துவோமானால் அவ்வெண்ணிக்கை 9 அல்லது 10 ஆகிறது. மூன்றையும் உயர்த்தினால் 14 அல்லது 15 பேர் காக்கப்படுவர். கருவிக்குச் செலவிடுவது தேவையே. ஆனால் கருவி மட்டும் வாங்கிவிட்டு, பெண்களின் வினாக்களுக்கு விடை கூறாது விட்டால், செலவுக்கேற்ற பயன் கிட்டாது என்பதே இக்கணக்கின் பாடம்.

இங்கு மற்றொரு செலவும் கவனிக்கத்தக்கது. சோதனை இலவசமேயாயினும், பெண்ணுக்கு அது இலவசமன்று. ஒருநாள் கூலி, பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், சில இல்லங்களில் மாமியாரிடமும் கணவரிடமும் பெறவேண்டிய இசைவு ஆகிய அனைத்தும் அவர் கணக்கில் சேரும். சிகிச்சைக்காக மாவட்ட மருத்துவமனைக்கு மும்முறை அலையவேண்டுமெனில் செலவு மும்மடங்காகும். எனவேதான் சோதனையும் சிகிச்சையும் இயன்றவரை ஒரே நாளில், ஒரே இடத்தில் நடைபெறும் ஏற்பாடு சிறந்தது எனப்படுகிறது. கையடக்க வெப்பக் கருவிகள் அதற்கு வழி செய்துள்ளன.

அலுவலர் கவனத்துக்கு

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த இலக்கின்படி, 2030-க்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியர் 15 வயதுக்குள் தடுப்பூசி பெறவேண்டும். 70 விழுக்காட்டுப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மீண்டும் ஒருமுறையும் உயர்தரச் சோதனை பெறவேண்டும். நோய் கண்டறியப்பட்டோருள் 90 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவேண்டும். இவ்விலக்கை நோக்கி நடக்க, மாவட்ட அளவில் சில நடைமுறைகள் பயன்தரும்.

முதலாவதாக, மாதாந்திர அறிக்கையில் சோதனை செய்யப்பட்டோர் எண்ணிக்கையோடு நிறுத்தலாகாது. குறி தென்பட்டோர், மேற்சோதனை பெற்றோர், சிகிச்சை முடித்தோர் என மூன்று கட்டங்களையும் அருகருகே காட்டவேண்டும். முதற்கட்டத்துக்கும் இறுதிக் கட்டத்துக்கும் உள்ள இடைவெளியே மேற்பார்வையாளரின் முதற்கேள்வியாக இருக்கவேண்டும். இரண்டாவதாக, குறி தென்பட்டால் எங்கு, எந்நாளில், யாரிடம் செல்வது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே முகாம் நடத்தப்படவேண்டும். சிகிச்சைக்கு வழியின்றிச் சோதனை செய்வது அச்சத்தை மட்டுமே விநியோகிப்பதாகும். மூன்றாவதாக, அசெட்டிக் அமிலச் சோதனை செய்வோருக்கு ஒருமுறைப் பயிற்சி போதாது. புத்தாக்கப் பயிற்சியும் தர மேற்பார்வையும் தொடர்ந்து தேவை. நான்காவதாக, ஆஷா பணியாளர், செவிலியர், சுயஉதவிக் குழுவினர் ஆகியோருக்கு மேற்கண்ட வினாக்களுக்குரிய விடைகளை எளிய பேச்சு மொழியில் பழக்கவேண்டும். சோதனை செய்துகொண்ட ஒரு பெண் தன் அனுபவத்தைப் பிறரிடம் கூறுவதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. ஐந்தாவதாக, ஆண்களையும் ஊராட்சி உறுப்பினர்களையும் இவ்வுரையாடலில் சேர்க்கவேண்டும். அனுமதி தர வேண்டியவர் அறியாதிருந்தால், அறிந்த பெண்ணும் வர இயலாது.

முடிவுரை

கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களைத் தாக்குகிறது. அவ்வயதில் ஒரு பெண் வருவாய் ஈட்டுபவராகவும், பிள்ளைகளை வளர்ப்பவராகவும், முதியோரைப் பேணுபவராகவும் இருக்கிறார். அவரது மறைவினால் குடும்பம் இழப்பதை எந்த வருவாய்க் கணக்கும் முழுமையாகக் காட்டிவிடாது. வினிகரை ஒத்த ஒரு கரைசலும், பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும், திரையிட்ட ஓர் அறையும், ஒழுங்கான ஒரு பதிவேடும் இவ்விழப்பைக் கணிசமாகக் குறைக்க வல்லவை. இவற்றோடு, அஞ்சி நிற்கும் பெண்ணின் வினாவைப் பொறுமையுடன் கேட்டு உண்மையான விடை கூறும் ஊழியரும் வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித் தலைப்பு இல்லை. ஆயினும் இதுவன்றிப் பிற செலவுகள் யாவும் உரிய பயனை அளிக்க மாட்டா.